செத்தது தெரியாத ராஜா

எங்கள் வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளை அப்பா முதலில் திருத்துவார், பிறகுதான் படிப்பார். மண்டபத்து முகவரியில் விட்டுப்போன பின்கோடுக்கு ஒரு கேள்விக்குறி போடுவார். மாப்பிள்ளையின் பட்டத்துக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கவும்' என்று பென்சிலில் எழுதுவார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் பத்திரிகை சாமி படத்துக்குப் பின்னால் போகும். அமைச்சகம் ஒன்றில் அவருக்கு செக்‌ஷன் ஆபீசர் வேலை. கீழே இருப்பவர்கள் எழுதிக்கொண்டு வருவதில் தப்புக் கண்டுபிடித்து மேலே அனுப்புவதற்குத்தான் சர்க்கார் அவருக்குச் சம்பளம் தருகிறது என்று அம்மா சொல்வாள். அம்மா அதைப் பெருமையாகச் சொன்னாளா சலிப்பாகச் சொன்னாளா என்பது அன்றைக்கு வீட்டில் தண்ணீர் வந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது.

டில்லி ஆர்.கே.புரத்தில் முதல் மாடி குவார்ட்டர்ஸ் எங்களுடையது. அந்தக் கோடையில் எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினேழு. அவன் பதினொன்றாம் வகுப்பில் வாங்கியிருந்த மார்க்கை வெளியில் சொல்ல முடியாது. 'பையன் வகுப்பில் இருக்கிறான், ஆனால் இல்லை' என்ற பொருளில் வாத்தியார் இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தார். அப்பா அந்த வரியில் ஒரு கமாவைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு, பன்னிரண்டாம் வகுப்பைப் பாளையங்கோட்டையில் பெரியப்பா வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பெரியப்பா பிரம்போடு பிறந்தவர் என்று எங்கள் குடும்பத்தில் பேச்சு. தமிழில் தன் பெயரை மட்டுமே எழுதத் தெரிந்த அண்ணன், அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதுமே பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான்.

அவன் வகுப்பில் இல்லாமல் எங்கே இருந்தான் என்பது எனக்குத் தெரியும். அவனோடு படித்த ஒரு பையனின் அப்பா தூதரக வேலையாக வெளிநாட்டில் இருந்து திரும்பியவர். அந்தப் பையன் ஒரு விளையாட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தான். பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் கதவைத் திறக்கிறேன், நான் அவனை வெட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். புத்தகத்தை சீக்கிரமே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் ஞாபகத்தில் நின்றதை வைத்துக்கொண்டு, நிற்காததைத் தானே இட்டுக்கட்டி, ஒரு நீள நோட்டில் இங்கிலீஷில் சொந்தமாக ஒரு கதை எழுதினான். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய காலம் முழுவதும் அதில்தான் போயிற்று.

கதை ஒரு கோட்டைக்குள் நடந்தது. கோட்டை முழுக்கச் செத்தவர்கள். செத்தும் படுக்காமல் எழுந்து காவல் காத்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு மேல் நான்கு பூதங்கள்: மண், தண்ணீர், நெருப்பு, காற்று. காற்றுப் பூதத்தை அவன் எங்கிருந்தும் கற்பனை செய்யவில்லை. மே மாதத்து மத்தியானம் ஜன்னலைத் திறந்தால் முகத்தில் அறையுமே லூ என்கிற அனல்காற்று, அதுவேதான். மண் பூதம் அப்படியே ஆந்தி, டில்லியின் புழுதிப்புயல். அது வந்துபோன பிறகு வீட்டுப் புழுதியை யார் பெருக்குவது என்பதற்குக்கூட ஒரு விதி வைத்திருந்தான்.

வெளிநாட்டுப் பகடைக்கு நாங்கள் எங்கே போவது? அம்மா கல்யாணத்தில் கொண்டுவந்த பித்தளைத் தாயக்கட்டை இருந்தது. அது கைக்கு வந்ததும் அதன் சட்டமும் கூடவே வந்துவிட்டது. தாயம் விழாமல் கோட்டைக்குள் நுழைய முடியாது. கீழ்வீட்டு பண்ட்டி அண்ணன் வயதுக்காரன், பஞ்சாபிப் பையன். அவன் வீரனாக வேஷம் கட்டிக்கொண்டு, ஒரு மத்தியானம் முழுக்கக் கோட்டை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். கூலர் தண்ணீர் தீர்ந்தது, தாயம் விழவில்லை. "அரே, கதவு திறந்துதானே இருக்கு, நான் நடந்து போறேன்" என்று ஹிந்தியில் கெஞ்சினான். எனக்கும் அண்ணனுக்கும் அவன் கேட்டது விளங்கவே இல்லை. தாயம் போடாமல் எப்படி உள்ளே போவது?

எனக்கு மந்திரக்காரி வேஷம். ஆனால் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நான் செத்துப்போவேன். செத்தவர்கள் எதிரிப் படையில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது விதி. சும்மா சொல்லக்கூடாது, உயிரோடு இருந்ததைவிட அந்த வேலை எனக்கு நன்றாக வந்தது. வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கூலர் சத்தத்துக்கு மேல் முனகுவேன்.

ஒரு நாள் அமைச்சகத்தில் யாரோ பெரியவர் காலமாகி, அரை நாள் லீவு விட்டுவிட்டார்கள். அப்பா மத்தியானமே வந்து நின்றார். தரையெல்லாம் தாயக்கட்டையும் நிலக்கடலைத் தோலும் கிடந்தன. பண்ட்டி செருப்பைக்கூட மாட்டாமல் கீழே ஓடிவிட்டான். நான் போர்வைக்குள் கிடந்தேன்.

"ஏட்டி, என்ன இது?" என்றார் அப்பா.

"நான் செத்துட்டேன்ப்பா. பேசக்கூடாது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. குனிந்து நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார், நடுவில் ஒரு பக்கத்தைப் பார்த்தார். அண்ணன் சுவரோடு சுவராக நின்றான். அவ்வளவுதான், இனி அது பழைய பேப்பர்க்காரனுக்குத்தான் என்று நான் நினைத்தேன். அப்பா நோட்டை ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வாசிச்சுட்டுச் சொல்லுதேன்" என்றார்.

அன்று ராத்திரி சமையலறையில் அம்மா அவரிடம் பேசியது எங்களுக்குக் கேட்டது. "பையன் மண்டையில ஒண்ணுமில்லன்னு நீங்களா முடிவு கட்டாதிய. அத முழுசா வாசிங்க. வாசிச்ச பொறவும் ஊருக்கு அனுப்பணும்னு தோணுச்சுன்னா நானே பெட்டி கட்டுதேன்." அப்பா சரி என்றார். ஆக, அண்ணன் டில்லியில் இருப்பதும் பாளையங்கோட்டைக்குப் போவதும் எலும்புக்கூடுகளின் கையில் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயம் நோட்டைப் பற்றி இல்லை. "கடைசி அறையை மட்டும் படிக்காம இருக்கணும்" என்று என்னிடம் சொன்னான். அந்த அறையை அவன் எங்களுக்கும் இன்னும் திறக்கவில்லை. கோட்டையின் ராஜா அங்கே இருக்கிறான், பூதங்கள் நான்கும் அந்த அறைக்கு மேலும் கீழும் காவல் நிற்கின்றன என்பதுவரைதான் எங்களுக்குத் தெரியும். அப்பா குளிக்கும்போது பையிலிருந்து அந்தக் கடைசிப் பக்கங்களைக் கிழித்துக்கொண்டு வரச் சொல்லி என்னை அனுப்பினான். போய்ப் பார்த்தால் பையில் டிபன் டப்பாதான் இருந்தது. நோட்டை அவர் ஆபீசிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். சாப்பாட்டு வேளையில் படிக்கிறார் என்று அப்போது தெரியவில்லை. தூக்கிப் போட்டுவிட்டார் என்று நினைத்து நான்தான் அழுதேன், அண்ணனுக்கு அப்படி ஒரு நம்பிக்கையாவது வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, விபூதி கலையாமல் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்தார். ஓரமெல்லாம் பென்சில். கல்யாணப் பத்திரிகைகளுக்குப் போட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அம்மா முறத்தில் அரிசியோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். அவளுக்காக அப்பா ஒவ்வொரு இடமாகத் தமிழில் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டார்.

"வாசல்ல தாயம் விழுந்தாத்தான் உள்ள போவலாம்னு எழுதிருக்க. அது சரி. பாஸ் இல்லாம எந்த ஆபீசுக்குள்ள விடுதான்?"

பண்ட்டி இதைக் கேட்டிருக்க வேண்டும்.

"எலும்புக்கூடு படைன்னு எழுதிருக்க. எலும்புக்கூடு எங்கேருந்துடே வந்துச்சு?"

"செத்தவங்களோடதுப்பா."

"செத்தா எரிச்சிருவாவள்லா? மிச்ச எலும்பயும் பொறுக்கித் தண்ணில கரைச்சிருவாவ. பொறவு எது எந்திரிச்சு வரும்?"

வெளிநாட்டுப் புத்தகத்தில் எல்லோரையும் புதைத்திருந்தார்கள். இது அண்ணனுக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சன்னியாசிங்களப் புதைப்பாங்கதானே? அப்புறம் சின்னக் குழந்தைங்களை" என்றான்.

"அப்பம் உன் பட்டாளம் பூரா சன்னியாசியும் பச்சப்புள்ளையுமா? அதுக யாரோட சண்டைக்கு வரும்?"

அம்மா முறத்தின் மேல் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

"பூதம் நாலுன்னு போட்டிருக்க. அஞ்சுல்லா? ஆகாசம் எங்க?"

"அதுக்கு கை கால் இல்லப்பா. எப்படிச் சண்டை போடும்?"

"காத்துக்கு மட்டும் இருக்கா?"

அப்பா விடவில்லை. தண்ணீர்ப் பூதத்தை மேல்மாடியிலும் நெருப்புப் பூதத்தைக் கீழ்மாடியிலும் வைத்திருக்கிறாயே, மேல் வீட்டுக் குளியலறை ஒழுகி நம் சுவர் என்ன கதியாயிற்று என்று பார்க்கவில்லையா என்று கேட்டார். ராத்திரி பகலாகக் காவல் நிற்கிற இத்தனை பிணங்களுக்கும் யார் டியூட்டி போடுவது, ஒன்று போனால் மாற்றாள் உண்டா என்று கேட்டார். மந்திரக்காரி ஏன் முதல் அறையிலேயே செத்துப்போகிறாள், அவளுக்கும் ஒரு கவசம் கொடுத்தால் என்ன என்றும் கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கேள்வி ஏற ஏற, நடுவில் எங்கேயோ அண்ணனின் பயம் கழன்று போய்விட்டது. சுவரை விட்டு வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "ஆனா அப்பா, பிணத்துக்குத் தூக்கம் கிடையாது, அப்புறம் எதுக்கு மாற்றாள்?" என்று எதிர்த்தே கேட்டான். அப்பா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அதும் வாஸ்தவந்தான்" என்று தான் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தார். அப்பா தான் எழுதியதை அழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசியதையும் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மார்க்கைப் பற்றிப் பேசினால் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணன் எங்கும் போகமாட்டான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "இனி கடைசி ரூம்" என்றார்.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். "அது இன்னும் முடிக்கலைப்பா. அதை விட்டுடுங்க."

அப்பா காதில் வாங்காதவர் மாதிரி, அம்மாவுக்காக நிதானமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். இந்தக் கோட்டையின் ராஜா விடிவதற்கு முன்னால் எழுந்திருப்பான். பச்சைத் தண்ணீரில் குளிப்பான். தேய்த்து வைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு, உணவுப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சபைக்குப் போவான். சபையில் யாரும் இல்லை. அவன் முன்னால் ஓலைகள் குவிந்திருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பிழை திருத்தி முத்திரை வைப்பான். அவை எங்கும் போவதில்லை. இருட்டியதும் திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்காருவான். அவன் பிள்ளைகள் கிட்டே போனால் 'அப்புறம்' என்பான். அவன் இறந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. அது அவனுக்குத் தெரியாது. யாரும் அவனிடம் சொல்லவில்லை.

முறம் நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தின் ஓரத்தை நான் எட்டிப் பார்த்தேன். பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை. நோட்டு முழுவதிலும் தப்பில்லாத பக்கம் அது ஒன்றுதான். அண்ணனுக்கு முழு மார்க் கிடைத்துவிட்டது என்று நினைத்து, "இதுல ஒரு தப்பும் இல்ல, பாத்தியா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் கையை உதறிக்கொண்டான். அவன் முகம் ஏன் அப்படி இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

"இதுல ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார் அப்பா. குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது. "அவன் செத்தது அவனுக்குத் தெரியாதுன்னு எழுதிருக்க. நல்லாருக்கு. தெரிஞ்சா என்ன செய்வான்னு எழுதலியே. ஆட்டம் அங்கனதான முடியணும்?"

"யோசிக்கலப்பா" என்றான் அண்ணன்.

"யோசிக்கணும்லா. ஒருத்தன அப்படி உக்கார வச்சுட்டு நீ பாட்டுக்கு நோட்ட மூடிட்டா எப்படி?"

அம்மா, "போதும், சாப்பிட வாங்க" என்றாள். யாரும் அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாத கேள்விக்கு எனக்கு மட்டும் விடை தெரிந்துவிட்டால் வருமே ஒரு துடிப்பு, அது எனக்கு வந்தது.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றேன்.

"சொல்லு."

"தெரிஞ்சாலும் அவன் மறுநாள் காலைல எழுந்து குளிச்சுட்டு சபைக்குத்தான் போவான். பசங்க இருக்காங்கள்ல. அவங்க சாப்பிடணும்ல."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "சரியாச் சொன்ன" என்றார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, நான் சொன்னதை அந்தப் பக்கத்தின் அடியில் இங்கிலீஷில் எழுதினார். நோட்டை மூடி அண்ணனிடம் நீட்டினார். அம்மாவிடம், "அண்ணாச்சிக்கு எழுதிப் போட்டுருதேன். இவன் இங்கனயே படிக்கட்டும். மண்டைல சரக்கு இருக்கு" என்றார்.

அண்ணன் நோட்டை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அம்மா அரிசியை எடுக்காமல் அப்பாவின் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகவேண்டாம் என்று ஆன பிறகும் இவர்கள் எல்லோரும் ஏன் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த ராஜா யாரென்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

மறுநாள் திங்கட்கிழமை. அப்பா விடிவதற்கு முன்னால் எழுந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு ஆபீஸ்காரர்களின் சார்ட்டர்ட் பஸ்ஸுக்குப் போனார். கடைசி அறைக்கு விடை கண்டுபிடித்தவள் நான்தான் என்று அந்தக் கோடை முழுக்க நான் பெருமை அடித்துக்கொண்டேன். பண்ட்டியிடம் சொன்னேன், அடுத்த வீட்டு மாமியிடம் சொன்னேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் அப்பாவிடமே எத்தனையோ தடவை, "நான்தானேப்பா கரெக்டா சொன்னேன்?" என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு தடவையும், "ஆமா, நீதான்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார்.